மீன் வாழத்தக்க ஆறு எது? மகாவலியை முன்வைத்துச் சில கேள்விகள்

ஓர் ஆற்றைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் எமது நாட்டில் மூன்று கேள்விகளே முன்னிற்கின்றன. அதிலிருந்து எத்தனை மெகாவோட் மின்சாரம் கிடைக்கும், எத்தனை ஏக்கர் வயலுக்கு நீர் பாயும், பெருக்கெடுத்தால் எத்தனை கிராமங்கள் மூழ்கும் என்பனவே அவை. மூன்றும் நியாயமான கேள்விகள்தாம். ஆயினும், அந்த ஆற்றைத் தவிர வேறு வீடில்லாத மீனுக்கு அது இன்னமும் வீடாக இருக்கின்றதா என்ற நான்காவது கேள்வி பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. எழுப்பப்படும் சந்தர்ப்பங்களிலும் ‘தண்ணீர் தெளிவாகத்தானே ஓடுகின்றது’ என்ற ஒற்றை வரியில் பதில் முடிந்துவிடுகின்றது.

தெளிந்த நீர் வேறு, மீன் வாழத்தக்க நீர் வேறு. சீமெந்து பூசப்பட்ட வாய்க்காலில் பளிங்குபோல் நீர் ஓடலாம். அங்கே முட்டையிட ஒரு கல் இடுக்கு இராது. பகைக்கு அஞ்சி ஒதுங்க ஒரு வேர் இராது. இரையாக ஒரு புழு இராது. மாறாக, கலங்கிக் கிடக்கும் ஒரு வில்லு விராலுக்கும் சுங்கானுக்கும் பனையேறிக்கெண்டைக்கும் செழிப்பான வாழிடமாக இருக்கக்கூடும். ஆகவே, ஆறு ஒன்றின் தரத்தை அளப்பது என்றால், யாருக்கான தரம் என்பதை முதலில் தீர்மானித்தாக வேண்டும். மனிதனின் குடிநீருக்கான அளவுகோல் மீனின் வாழ்க்கைக்கான அளவுகோல் ஆகாது.

இதனை விளக்க மகாவலியையே எடுத்துக்கொள்வோம். 335 கிலோமீற்றர் ஓடி மூதூருக்கு அண்மையில் கொட்டியாரக்குடாவில் கலக்கும் இந்நதி, மலையகத் தோட்ட மக்களையும் கிழக்கின் தமிழ், முஸ்லிம் விவசாயிகளையும் மீனவர்களையும் ஒரே நீரால் இணைப்பது. இதன் வடிநிலத்தில் அன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாகக் காணப்படாத மீனினங்களும் உள்ளன. லேபியோ பிஷெரி என்று விஞ்ஞானிகள் அழைக்கும் மீன் அவற்றுள் ஒன்று. பெரும் பாறைகளுக்கிடையே, ஆழமாகவும் விரைவாகவும் நீர் பாயும் இடங்களே இதன் இருப்பிடம். பாறைமேல் படரும் பாசியைச் சுரண்டித் தின்று வாழ்வது. 1985இல் விக்டோரியா நீர்த்தேக்கம் நிரம்பியபோது அப்பகுதியில் நீரின் அளவு பல மடங்கு பெருகியது. ஆனால் பாறைகள் ஆழத்தில் அமிழ்ந்தன, ஓட்டம் நின்றது, அடியில் வண்டல் படியத் தொடங்கியது. நீர் பெருகிய அதே இடத்தில் இந்த மீனின் வீடு அழிந்தது. நீர் அதிகமானால் மீனுக்கு நல்லதுதானே என்று எண்ணுவோருக்கு இது ஒன்றே போதிய மறுமொழியாகும்.

மீனின் கண்கொண்டு ஆற்றைப் பார்க்கும் முறைகள் கடந்த அரை நூற்றாண்டில் உருவாக்கப்பட்டவை. 1980களின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவின் மீன் மற்றும் வனசீவராசிகள் சேவை ‘வாழிடப் பொருத்தச் சுட்டி’ என்ற முறையைப் பரவலாக்கியது. ஓர் இனத்துக்கு எந்த ஆழம், எந்த வேகம், எவ்வகை ஆற்றுப்படுக்கை உகந்தது என்பதை ஆராய்ந்து, ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து ஒன்று வரை புள்ளி வழங்குவதே இம்முறை. ஒன்று என்றால் மிகப் பொருத்தம். பூச்சியம் என்றால் வாழவே இயலாது.

இந்தப் புள்ளிகளை எவ்வாறு சேர்ப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கின்றது. ஓரிடத்தில் ஆழத்துக்கு 0.9, வேகத்துக்கு 0.8, படுக்கைக்கு 0.2 என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் கூட்டிச் சராசரி கண்டால் 0.63 வரும்; பரவாயில்லை என்று அறிக்கை எழுதிவிடலாம். பெருக்கினால் வருவது 0.144 மட்டுமே. 1,000 சதுர மீற்றர் பரப்புள்ள ஆற்றுப் பகுதியில் அந்த மீனுக்குப் பயன்படக்கூடியது 144 சதுர மீற்றருக்குச் சமமான இடம்தான் என்பது இதன் பொருள். மீனின் வாழ்க்கை சராசரியில் நடப்பதில்லை. ஆழமும் வேகமும் எவ்வளவு சிறப்பாயிருந்தாலும், கற்களின் இடுக்குகள் சேற்றால் அடைபட்டிருந்தால் அங்கே முட்டை பொரிக்காது. எந்த ஒன்று குறைகின்றதோ அதுவே முடிவைத் தீர்மானிக்கின்றது. அறிக்கைகளில் சராசரியைக் காணும்போதெல்லாம் வாசகர்கள் சற்றுச் சந்தேகத்துடன் நோக்குவது நல்லது என்பதே எமது அபிப்பிராயம்.

சேறு என்று கூறியதும் மலையகம் நினைவுக்கு வராமற் போகாது. சரிவுகளில் உரிய பாதுகாப்பின்றிச் செய்யப்படும் மரக்கறிச் செய்கை, பராமரிப்பற்ற தேயிலை நிலங்கள், வீதி வெட்டுகள் ஆகியவற்றிலிருந்து கழுவப்படும் மண், மகாவலியின் மேல் கிளையாறுகளில்தான் வந்து சேருகின்றது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியுடன் வந்த பெருமழையும் மண்சரிவுகளும் இந்தச் சுமையை மேலும் பெருக்கின. மனித உயிரிழப்பும் வீடிழப்பும் பெரிதாக இருந்த அந்த வேளையில் ஆற்றின் அடியைப் பற்றி எவரும் சிந்திக்க முடியாதிருந்தது இயல்பே. ஆனால் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 1999இல் திருத்தி வெளியிட்ட விரைவு மதிப்பீட்டு முறையில், கற்கள் எந்த அளவுக்குச் சேற்றில் புதைந்துள்ளன என்பது பத்து அம்சங்களுள் ஒன்றாகத் தனியே அளக்கப்படுகின்றது. ஒவ்வோர் அம்சத்துக்கும் 20 புள்ளிகள், மொத்தம் 200. கரையின் உறுதி, கரையோரத் தாவரங்களின் அகலம், கல்மேல் சலசலத்தோடும் ஆழமற்ற பகுதிகள் எவ்வளவு இடைவெளியில் அமைந்துள்ளன என்பவை எல்லாம் இதில் அடங்கும். விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை. ஆற்றில் இறங்கி, குனிந்து, ஒரு கல்லைப் புரட்டிப் பார்க்கும் மனமே முதலில் வேண்டும்.

இனி, நீரின் அளவு பற்றிய விடயம். அணைக்கட்டு ஒன்றின் கீழே எவ்வளவு நீரை விட்டுவைத்தால் மீன் பிழைக்கும்? 1976இல் டெனன்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதற்கு ஓர் எளிய விடையை முன்வைத்தார். மொன்டானா, வயோமிங், நெப்ராஸ்கா ஆகிய மூன்று மாநிலங்களில் 11 ஆறுகளை ஆராய்ந்த அவர், ஆற்றின் வருடாந்தச் சராசரி நீரோட்டத்தில் 10 வீதம் இருந்தால் பெரும்பாலான உயிரினங்கள் குறுகிய காலம் தப்பிப் பிழைக்கலாம் என்றும், நல்ல வாழிடத்துக்கு 30 வீதமும் மிகச் சிறந்த வாழிடத்துக்கு 60 வீதமும் தேவை என்றும் கூறினார். எளிமையினாலேயே இம்முறை உலகெங்கும் பரவியது. வருந்தத்தக்கது என்னவெனில், பல நாடுகளில் அந்த மூன்று எண்களுள் முதலாவது மட்டுமே திட்டமிடுவோரின் நினைவில் தங்கிவிட்டது. உயிர் பிழைப்பதற்கான அடிமட்ட அளவு என்று சொல்லப்பட்டது, வாழ்வதற்குப் போதுமான அளவாக மாறிவிட்டது. அன்றியும், பனி உருகிப் பாயும் அந்த ஆறுகள் வேறு. இரு பருவமழைகளை நம்பியிருக்கும் எமது ஆறுகள் வேறு.

தலவாக்கலையில் நிகழ்ந்ததை இவ்விடத்தில் நோக்கலாம். 150 மெகாவோட் திறன்கொண்ட மேல் கொத்மலைத் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியது. கொத்மலை ஓயாவின் நீர் தலவாக்கலையில் மறிக்கப்பட்டு, சுமார் 13 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தினூடாக மின்நிலையத்துக்குக் கொண்டு செல்லப்படுகின்றது. அணைக்கும் மின்நிலையத்துக்கும் இடைப்பட்ட ஆறு தனது நீரின் பெரும்பகுதியை இழந்தது. சென். கிளயர் நீர்வீழ்ச்சி வற்றிவிடும் என்று எழுந்த கடும் எதிர்ப்பின் விளைவாக, பகல் வேளையில் அதற்கு நீர் திறந்துவிடும் ஏற்பாடு செய்யப்பட்டது. மக்களின் குரலுக்குக் கிடைத்த பலன் என்ற வகையில் இது வரவேற்கத்தக்கதே. ஆனால் இந்த ஏற்பாட்டின் அடிப்படை என்ன? வீதியில் நின்று பார்ப்பவரின் கண். கல்லில் ஒட்டி வாழும் சிறுமீனுக்கு இரவு பகல் என்ற பேதமில்லை. மாலையில் ஓட்டம் குறைந்ததும் கரையோரக் குழிகளில் அகப்பட்டுக்கொள்ளும் குஞ்சுகளுக்குக் காலையில் திரும்பவரும் நீர் காலங்கடந்த உதவியாகவே அமையும். ஒரு நாளில் விடப்படும் மொத்த நீரின் அளவைவிட, அது எந்த ஒழுங்கில் விடப்படுகின்றது என்பது மீனுக்கு முக்கியமானது.

1990களின் நடுப்பகுதி தொட்டு மலையக ஓடைகளில் பெருகிவந்த சிறு நீர்மின் நிலையங்களுக்கும் இதே கேள்வி பொருந்தும். தனித்தனியே நோக்கும்போது ஒவ்வொன்றும் சிறியதே. புகை இல்லை, எண்ணெய் இல்லை. ஆயினும் ஒரே ஓடையில் அடுத்தடுத்து அணைகள் எழும்போது, இடையிலுள்ள பாறைப் படுக்கைகள் வெயிலில் காய்கின்றன. ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனி மதிப்பீடு செய்து, ஒவ்வொன்றின் பாதிப்பும் சிறிதே என்று முடிவு காண்பது, கடன்காரர் ஒவ்வொருவரிடமும் தாம் பட்ட கடன் சொற்பமே என்று சொல்லித் திரிபவரின் கணக்கைப் போன்றது.

நீரில் கரைந்துள்ள ஒட்சிசனும் மீனின் வாழ்வைத் தீர்மானிப்பது. 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு லீற்றர் நன்னீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசன் கரைய முடியும். 30 பாகையில் அது ஏழரை மில்லிகிராம் அளவுக்குக் குறைந்துவிடும். கரையோர மரங்களை வெட்டி நிழலை அகற்றும் ஒருவர், தாம் அறியாமலே மீனின் மூச்சையும் குறைக்கின்றார். கண்டி நகரின் கழிவுகளைச் சுமந்துவரும் மெத எல போன்ற ஓடைகள் ஆற்றில் கலக்குமிடங்களில், சேதனக் கழிவைச் சிதைக்கும் பக்ரீறியாக்கள் எஞ்சிய ஒட்சிசனையும் உறிஞ்சிக்கொள்கின்றன. பாசி மண்டிய நீரில் ஒட்சிசன் மிகக் குறைந்திருப்பது விடியலுக்குச் சற்று முன்னர். சூரியன் ஏறியதும் பாசி ஒளித்தொகுப்பில் ஈடுபட்டு அதனை மீட்டுவிடும். அலுவலக நேரத்தில், முற்பகல் 10 மணிக்கு வந்து போத்தலில் நீர் எடுத்துச் செல்பவர் நல்ல எண்ணையே காண்பார். மீன் இறந்தது அதிகாலை 5 மணிக்கு.

இத்தகைய குறைகளைக் கருத்திற்கொண்டே, நீரை அளப்பதை விட்டு மீனையே சாட்சியாக அழைக்கும் முறையொன்றை ஜேம்ஸ் கார் என்ற உயிரியலாளர் 1981இல் முன்வைத்தார். போத்தலில் அள்ளிய நீர் அந்தக் கணத்தை மட்டுமே கூறும். அங்கே வாழும் மீன்கூட்டமோ பல மாதங்களின், ஆண்டுகளின் கதையைக் கூறும் என்பது அவரது வாதம். எத்தனை சுதேச இனங்கள் உள்ளன, மாசைத் தாங்காத இனங்கள் எஞ்சியுள்ளனவா, எதையும் தின்னும் மீன்களின் விகிதம் என்ன, நோயுற்ற மீன்கள் எத்தனை என்றவாறு 12 அம்சங்களை அவர் வகுத்தார். ஒவ்வொன்றுக்கும் 5, 3 அல்லது 1 புள்ளி. சிறந்த ஆற்றுக்கு 60, மிக மோசமானதற்கு 12. ஐரோப்பிய ஒன்றியம் 2000ஆம் ஆண்டில் கொண்டுவந்த நீர்ச் சட்டகப் பணிப்புரையும் ஆறுகளின் நிலையைத் தீர்மானிக்கும் கூறுகளுள் ஒன்றாக மீனை ஏற்றுக்கொண்டது.

இம்முறையை அப்படியே இறக்குமதி செய்துவிட முடியுமா என்றால், முடியாது. மனிதக் கை படாத ஆறு எவ்வாறிருக்கும் என்று ஒப்புநோக்க ஓர் எடுத்துக்காட்டு ஆறு இதற்குத் தேவை. பெரும் அணைகள் நிறைந்த மகாவலியில் அத்தகைய பகுதியைத் தேடிக் காண்பது எளிதன்று. மேலும், வலையில் விழும் மீனின் எண்ணிக்கை எமது நாட்டில் எளிதாக ஏமாற்றிவிடக்கூடியது. 1952இல் ஆபிரிக்காவிலிருந்து அறிமுகமான திலாப்பியா, வறண்ட வலயக் குளங்களின் மீன்பிடிக்கு ஆதாரமாக அமைந்தது என்பதை மறுப்பதற்கில்லை. பல்லாயிரம் குடும்பங்களின் உணவும் வருமானமும் அதுவே. ஆனால் பழுதடைந்த நீரிலும் தாக்குப்பிடிக்கும் மீன் அது. திலாப்பியா நிறைந்த ஆறு நலமான ஆறு என்று கொள்வது தவறாகும். அலங்கார மீன் தொட்டிகளிலிருந்து தப்பிப் பரவியுள்ள அந்நிய இனங்களுக்கும் இது பொருந்தும்.

எதிர்ப்புறமான ஓர் உதாரணமும் உண்டு. கேகாலை மாவட்டத்தின் கலபிட்டமட பகுதியில், வயலுக்கும் இறப்பர்த் தோட்டத்துக்கும் இடையே ஒரு சிற்றோடை ஓடுகின்றது. பார்ப்பவருக்கு அது சாதாரண வாய்க்கால். விரைவு மதிப்பீட்டுப் பட்டியலைக் கையிலெடுத்துச் சென்றால் அதற்குப் பெரிய புள்ளி கிடைக்கப் போவதில்லை. ஆனால் 1991இல் விஞ்ஞான உலகுக்கு அறிமுகப்படுத்தப்பட்ட பெதியா பந்துல என்ற சிறுமீன், அந்த ஓடையின் சுமார் 2 கிலோமீற்றர் நீளத்திலேயே இயற்கையாக வாழ்வதாக அறியப்பட்டது. அந்தச் சிற்றோடைக்கு அருகே ஒருவர் அளவுக்கு மீறிக் கிருமிநாசினி தெளித்தால், ஓர் இனமே உலகிலிருந்து மறைந்துபோகும் அபாயம் உண்டு. புள்ளிகளோடு, அங்கே இருப்பது யார் என்ற விசாரணையும் சேர்ந்தே நடைபெற வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. நீரில் மிதக்கும் மரபணுத் துகள்களைக் கொண்டு, வலை வீசாமலே எந்த இனம் உள்ளது என்று கண்டறியும் நுட்பம் இன்று வந்துள்ளது. இத்தகைய அரிய இனங்களைத் தேட அது பெரிதும் உதவக்கூடும்.

மலையை விட்டுக் கீழே இறங்குவோம். மீனின் வீடு ஓர் அறையன்று. அது பல அறைகளும் அவற்றை இணைக்கும் வாசல்களும் கொண்டது. விலாங்கு கடலில் பிறந்து, குஞ்சாக ஆற்றில் ஏறி, பல ஆண்டுகள் வாழ்ந்தபின் முட்டையிட மீண்டும் கடலுக்குத் திரும்புவது. 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணையை எந்த விலாங்குக் குஞ்சும் ஏறிக் கடந்துவிட முடியாது. அணைக்கு மேலே எவ்வளவு சிறந்த மடுக்கள் இருந்தாலும் விலாங்கைப் பொறுத்தவரை அவற்றின் மதிப்பு பூச்சியமே. பொலன்னறுவைக்குக் கீழேயுள்ள வில்லுகளின் நிலையும் இவ்வாறானதே. வடகீழ்ப் பருவமழையின் வெள்ளம் கரைபுரண்டு இவ்வில்லுகளை நிரப்பும்போது, மீன்கள் ஆற்றிலிருந்து அங்கு சென்று இனம்பெருக்கும். நீர் வடியும்போது குஞ்சுகள் ஆற்றுக்குத் திரும்பும். மேலே நீர்த்தேக்கங்கள் வெள்ளத்தைத் தடுத்து, நீரைப் பாசனத்துக்குத் திருப்பிய பின்னர் இந்த ஒழுங்கு குலைந்தது. 1976இல் பொல்கொல்லையில் தொடங்கிய திசைதிருப்பல், 2018இல் திறக்கப்பட்ட மொரகஹகந்த வரை தொடர்ந்துள்ளது. வெள்ளம் என்றால் அழிவு என்று மட்டுமே நாம் பழகிவிட்டோம். அளவான வெள்ளம் வராத ஆண்டு, வில்லு மீனுக்குப் பஞ்ச ஆண்டு.

கழிமுகத்தில் வெருகல், மூதூர், கிண்ணியா மக்களின் வாழ்வு இந்த நீரோடு பிணைந்தது. நன்னீரும் உவர்நீரும் கலக்கும் கண்டற்காட்டு ஓரங்களில்தான் கடல்மீன்கள் பலவற்றின் குஞ்சுகளும் இறால்களும் வளர்கின்றன. ஆறு கொண்டுவரும் நீர் குறைந்தால் உவர்நீர் உள்ளே ஏறும். ஆறு கொண்டுவரும் மணல் குறைந்தால் கரை தேயும். மணலைப் பொறுத்தவரை அணைகள் ஒருபுறம் அதனைத் தடுத்துவைக்க, மறுபுறம் ஆற்றின் அடியிலிருந்தே அது அள்ளப்படுகின்றது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னரான கட்டுமானப் பணிகள் மணலின் தேவையைப் பன்மடங்காக்கின. மணல் அகழ்வுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் சட்டம் 1992 முதல் நடைமுறையில் உள்ளது. அனுமதிப்பத்திரத்தில் கனமீற்றர் கணக்கு இருக்கும். அந்த மணலில் முட்டையிடும் மீனின் கணக்கும் அதில் இடம்பெற வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது. கரையோரக் கண்டல்களை நாம் கண்ணாற் காண்பதால் அவற்றுக்காகக் குரல் எழுகின்றது. நீருக்கடியில் தோண்டப்படும் குழிக்காகக் குரல் கொடுப்பார் அரிது.

சட்டம் முற்றாக இல்லாத நாடன்று இது. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டமும், அதன் கீழான சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு நடைமுறையும் உள்ளன. 2019இல் வெளியான நீர்த்தர ஒழுங்குவிதிகள், மீன் மற்றும் நீர்வாழ் உயிரினங்களுக்கான நீரைத் தனியொரு வகையாகவே கொண்டுள்ளன. ஆனால் அவை அளப்பது நீரை, வாழிடத்தை அல்ல. மதிப்பீட்டு அறிக்கையொன்று பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்படும்போது, அதிலுள்ள மீன்கள் பற்றிய பக்கங்களைப் புரட்டும் எவரும் சிலவற்றைக் கவனிக்கலாம். ஆற்றில் இறங்கியது எந்த மாதத்தில், எத்தனை தடவை? ஒரு பருவமா, இரு பருவமா? இரவில் வலை போடப்பட்டதா? இனங்களின் பெயர்ப் பட்டியலோடு முடிகின்றதா, அல்லது அவை முட்டையிடும் இடங்களும் குறிக்கப்பட்டுள்ளனவா? கீழே விடப்படும் நீரின் அளவு எந்த இனத்தின் தேவையைக் கொண்டு கணிக்கப்பட்டது? மேலேயும் கீழேயும் ஏற்கெனவே எத்தனை அணைகள் உள்ளன? இவற்றுக்கு விடையில்லாத அறிக்கை, எத்தனை நூறு பக்கங்கள் கொண்டதாயினும், அந்த நான்காவது கேள்விக்குப் பதில் கூறவில்லை என்றே கொள்ள வேண்டும்.

நிபுணர் வரும்வரை காத்திருக்க வேண்டியதுமில்லை. ஓடைக் கற்களின் அடியில் ஒட்டிக் கிடக்கும் பூச்சிகளின் குடம்பிகள் மீனின் இரையாகவும், ஆற்றின் நலத்தைக் காட்டும் குறிகளாகவும் விளங்குகின்றன. மே ஈ, கல் ஈ போன்றவற்றின் குடம்பிகள் மாசைத் தாங்கமாட்டா. சிவந்த புழுக்கள் மட்டும் எஞ்சியிருந்தால் அங்கே ஒட்சிசன் குறைவு என்று ஊகிக்கலாம். ஒரு வெள்ளைத் தட்டும் சிறு வலையும் கொண்டு தலவாக்கலையிலோ ஹட்டனிலோ ஓர் உயர்தர விஞ்ஞான வகுப்பு மாதமொருமுறை இதனைப் பதிவுசெய்ய முடியும். டித்வாவின் மண் ஓடைகளில் இருந்து எவ்வளவு விரைவாகக் கழுவப்படுகின்றது, குடம்பிகள் எந்த மாதத்தில் திரும்புகின்றன என்ற தரவு அவ்வாறுதான் கிடைக்கும்.

கழிமுகத்தில் வேறொரு தரவு உள்ளது. 1985இல் 20 வயதில் வலை வீசிய வெருகல், மூதூர் மீனவர் இன்று 60 வயதைக் கடந்தவர். அணைகள் முழுமை பெறுவதற்கு முன்னர் எந்த மாதத்தில் எந்த மீன் ஏறியது, எந்த மடுவில் விரால் கிடந்தது, உவர்நீர் எதுவரை வந்தது என்பதெல்லாம் அவரது நினைவில் இருக்கின்றன. ஒப்புநோக்க எடுத்துக்காட்டு ஆறு இல்லையென்று கூறும் ஆய்வாளர்களுக்கு அந்த நினைவே கிடைக்கக்கூடிய மிக நெருங்கிய சான்றாகும். அதனைக் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு குறிப்பேடும், இரு ஊர்களிலும் சில வாரங்கள் தங்கும் பொறுமையும் போதும். அடுத்த பத்தாண்டில் அவ்வாறு கேட்பதற்கு அவர்களுட் பலர் இருக்கமாட்டார்கள்.